ஒரு கார்க், மூன்று ஓட்டை

அத்தியாயம் ஐந்து

"கையெழுத்துப் போட மாட்டேன்."

வந்தவள் உட்காருவதற்கு முன்பே இதைச் சொன்னாள். நாங்கள் அவளிடம் எதிலும் கையெழுத்துக் கேட்கவில்லை.

"நாங்க கேக்கவே இல்லையேம்மா," என்றார் அத்தை. "முதல்ல உக்காரு. எதுல போட மாட்டேங்கறதை அப்புறம் சொல்லு."

என் துப்பறியும் அலுவலகம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே இஸ்திரி போடும்போதெல்லாம் எங்கள் தரைப்பலகை சூடாகும். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு அலமாரி. துப்பறிவது நான். உதவிக்கு அத்தை, அதாவது என் மாமியார். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவளுடைய அம்மா மட்டும் போகவில்லை. தினம் காலை ஒன்பதுக்கு வருகிறார். கேஸ் இருந்தால் கேஸைத் திட்டுகிறார். இல்லாவிட்டால் என்னை.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புக் கோட்டு, தட்டைச் செருப்பு. தோலில் செய்த பெரிய பையை மேஜைமேல் வைத்தாள். உள்ளே கண்ணாடித் துண்டுகள் உரசின.

"என் தொழில் வீட்டு விருந்துக்கு வைன் தேர்ந்தெடுத்துக் கொடுக்கறது. கூடப் போய்ப் பரிமாறறதும் நான்தான்."

"அதுக்கு ஒரு ஆளா?" என்றார் அத்தை. "மூடியைத் திருகினா தானா ஊத்துது."

"ஊத்தும். ஆனா போன உடனே நான் மூணு கேள்வி கேப்பேன். என்ன சமையல்? யார் அதிகம் பேசுவாங்க? யார் குடிக்க மாட்டாங்க?"

"அதிகம் பேசறவங்களைப் பத்தி எதுக்கு?"

"அவங்களுக்குச் சின்ன கிளாஸ் வெப்பேன். பேசிட்டே இருக்கறவங்களுக்கு எவ்வளவு உள்ளே போகுதுன்னு தெரியாது."

"குடிக்காதவங்க?"

"அவங்களுக்கும் மத்தவங்களுக்கு வெச்ச அதே கிளாஸ்தான். உள்ளே திராட்சை ரசம். ஏன் குடிக்கலேன்னு யாரும் அவங்களைக் கேக்கக் கூடாது."

அத்தை என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு திருடலை, மாப்ளே."

"என்ன திருட்டுன்னே இன்னும் சொல்லலை."

"எதுவா இருந்தா என்ன, இவ திருடலை. நீ சொல்லும்மா, புட்டி."

"புட்டியா?"

"பேரு எனக்கு நிக்காது. முப்பது வருஷம் எல்லாரையும் சீட் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டவ. உனக்குப் புட்டி. பெருமைப்படு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தாள்.

நடந்தது இது. மேட்டுத் தெருவில் ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் இருக்கிறார். போன சனிக்கிழமை அவருக்கு எழுபது வயது. மதிய விருந்துக்கு இருபது பேர். மீனுக்கு நன்றாகக் குளிரவைத்த வெள்ளை வைன், கோழிக்கு லேசான சிவப்பு, இரண்டையும் இவள்தான் தேர்ந்தெடுத்தாள். கடைசியாக ஒரே ஒரு புட்டி, கேப்டனுடைய சொந்தப் புட்டி. இருபத்தெட்டு வருஷம் முன்பு, மகள் பிறந்த வருஷம், ஏதோ துறைமுகத்தில் மனைவியோடு வாங்கியது. ஒரு நல்ல நாளில் திறக்கலாம் என்று வைத்தார்கள். மனைவி ஐந்து மாதம் முன்பு இறந்துவிட்டார். நல்ல நாள் அதற்கு முன்னால் வரவே இல்லை.

"பழைய சிவப்பு வைன்ல வண்டல் இருக்கும்," என்றாள். "ஒரு நாள் முன்னாடியே புட்டியை நிமித்தி வெச்சா அது அடியில இறங்கும். ஊத்தும்போது கழுத்துக்குப் பின்னாடி விளக்கு வெச்சுப் பாப்போம். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திடணும். ஆனா அவர் என்னைப் புட்டியைத் தொடவே விடலை. ஊத்த வேண்டிய நேரத்துல கொண்டு வந்து கையில கொடுத்தார். திறந்தேன். விளக்குல பாத்தேன். வண்டலே இல்லை."

"துளிகூடவா?"

"குழாய்த் தண்ணி மாதிரி தெளிவு. இது பழைய வைன் இல்லேன்னு அப்பவே தெரிஞ்சுது. வீட்டுக்காரர்தான் முதல்ல ருசி பாக்கணும், அது வழக்கம். அவர் கிளாஸ்ல ஒரு விரல் அளவு ஊத்தினேன். மத்தவங்களுக்குக் கேக்காம காதுல சொல்லலாம்னு குனிஞ்சேன். அதுக்குள்ள எழுந்துட்டார். 'இது என் வைன் இல்ல. இவ மாத்திட்டா.' கப்பல்ல சத்தம் போட்டுப் பழகின குரல். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்."

இவளுடைய பையைத் தூக்கி வாசல் படியில் போட்டார்கள். உள்ளே இருந்த சொந்தக் கிளாஸ்களில் ஆறு உடைந்தன. விருந்தாளி ஒருவர் எடுத்த போட்டோ மறுநாளே ஊரெல்லாம் கைப்பேசியில் சுற்றியது. 'இவளை வீட்டுக்குள் விடாதீர்கள்' என்று கீழே எழுத்து. இவளை விருந்துக்குக் கூப்பிட்டிருந்த மூன்று வீடுகள் வேண்டாம் என்றுவிட்டன.

"நேத்து இது வந்தது." ஒரு கவரை நீட்டினாள். தடித்த காகிதம். பின்பக்கம் சிவப்பு அரக்கு உருக்கி, நங்கூர முத்திரை குத்தியிருந்தது.

"அடேங்கப்பா," என்றார் அத்தை. "ராஜா கல்யாணத்துக்கு அழைப்பு."

உள்ளே ஒரே வரி, தட்டச்சில். 'புட்டியை மாற்றியது நான்தான். மன்னிக்கவும்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். இல்லேன்னா எங்க தொழில் சங்கத்துக்கு எழுதி என் உரிமத்தை ரத்து பண்ண வெப்பாராம். உரிமம் போனா நான் எந்த வீட்லயும் புட்டி திறக்க முடியாது." குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. "போகட்டும். பாத்திரம் தேய்ச்சுப் பொழைச்சுக்கறேன். செய்யாத திருட்டுக்கு என் கையால கையெழுத்துப் போட மாட்டேன்."

மணி இரண்டு.

"அன்னைக்கு நீங்க எடுத்த கார்க் எங்கே?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். பிறகு பையைத் திறந்தாள். அன்றைக்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை என்று சொல்லாமலே தெரிந்தது. துணி, மெழுகுவத்தி, விளக்கு, உடைந்த கிளாஸ். அடியில் அவளுடைய கார்க் திருகி. நுனியில் கார்க் அப்படியே கோர்த்திருந்தது.

"கழட்டக்கூட நேரம் கொடுக்கலை," என்றாள்.

கார்க்கின் தலையில் சிவப்பு மெழுகு தொப்பி மாதிரி ஒட்டியிருந்தது. திருகியைப் பின்பக்கமாகச் சுழற்றி மெதுவாக எடுத்தேன். பேனாக்கத்தியால் தொப்பியைக் கிளப்பினேன். அது ஒரு தொப்பி இல்லை, இரண்டு. மேலே இருந்தது கெட்டியாக இருந்தது. ஓரம் கண்ணாடி மாதிரி நொறுங்கியது. கீழே இருந்தது நகம் பட்டால் அமுங்கியது.

அத்தை கீழ் அடுக்கை மோந்து பார்த்தார். "ரோஜா. இது வாசனை மெழுகுவத்தி."

வெள்ளைத் தாளில் மூன்றையும் வரிசையாக வைத்தேன். அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

"மாப்ளே, ஒரு பயணத்துக்கு டிக்கெட்ல எத்தனை ஓட்டை போடுவோம்?"

"ஒண்ணு."

"எண்ணு."

எண்ணினேன். மேல் தொப்பியில் ஒரு ஓட்டை. கீழ்த் தொப்பியில் இரண்டு. கார்க்கில் மூன்று.

"இந்த டிக்கெட் மூணு தடவை வண்டி ஏறியிருக்கு," என்றார் அத்தை. "கடைசிப் பயணம் மட்டும்தான் இவளோடது."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு ஓட்டையாக விரல் வைத்தாள்.

"யாரோ ஒருத்தர் முதல்ல திறந்து, மூடி, ரோஜா மெழுகு வெச்சிருக்காங்க," என்றேன். "அப்புறம் வேற யாரோ அந்த மெழுகு வழியாவே திருகித் திறந்து, மறுபடி மூடி, மேலே இந்தக் கெட்டி மெழுகு வெச்சிருக்காங்க. நீங்க மூணாவது ஆள்."

"ரெண்டு திருடனா?"

"ஒரு புட்டியை ரெண்டு தடவை திருட முடியாது. முதல் ஆள் எடுத்திருக்கணும். ரெண்டாவது ஆள் ஏமாந்திருக்கணும்."

அத்தைக்கு அவள் கைப்பேசியில் அந்தப் போட்டோவைக் காட்டினாள். நீள மேஜை. இவள் குனிந்திருக்கிறாள். கேப்டன் கிளாஸை உதட்டருகே வைத்திருக்கிறார். எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் கிளாஸைப் பார்க்கவில்லை. மேஜையின் மறுகோடியில் வாயில் கோழியோடு உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞனைப் பார்க்கிறார்.

"அது யாரு?"

"அவர் மருமகன்."

"இருபத்தெட்டு வருஷம் காத்திருந்த வைன் உதட்டுல. மனுஷன் மருமகன் மூஞ்சியைப் பாக்கறான்." அத்தை போட்டோவைப் பெரிதாக்கினார். "மருமகன் பாட்டுக்குக் கோழி தின்னுட்டு இருக்கான். அவன் கிட்ட டிக்கெட் இருக்கு. ஆனா இந்தப் பொண்ணு யாரு? எல்லாரும் கேப்டனைப் பாக்கும்போது இவ மட்டும் புட்டியைப் பாக்கறா."

"கேப்டன் மகள்."

"டிக்கெட் இல்லாதவங்க என்னைப் பாக்க மாட்டாங்க. என் கையில இருக்கற, ஓட்டை போடற பஞ்ச் மிஷினைத்தான் பாப்பாங்க."

நான் எழுந்தேன். தாளை மடித்து வைக்க ஒரு டப்பா வேண்டும். அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் ஓர் அட்டைப் பெட்டி, ஒட்டுநாடா பிரிக்காதது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"அது வைன் கிளாஸ்தானே? ஆறு. நல்ல கம்பெனி."

"கல்யாணத்துக்கு வந்தது," என்றேன். "பிரிக்கலை."

"ஏன்?"

"நல்ல நாளுக்குன்னு என் மனைவி வெச்சா."

அத்தை ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு அலமாரியை மூடினேன்.

---

மேட்டுத் தெரு வீட்டை அடைந்தபோது நாலேகால். வெள்ளை வீடு. படியில் பித்தளைக் கைப்பிடி. பளபளவென்று தேய்த்திருந்தார்கள். படியின் ஓரத்தில் இன்னும் ஒரு கண்ணாடித் துண்டு மின்னியது. அவள் குனிந்து எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்னோடது," என்றாள்.

கேப்டன் மகள் கதவைத் திறந்தாள். எங்களோடு இருப்பவளைப் பார்த்ததும் அவள் கை கதவிலேயே நின்றுவிட்டது.

"அப்பா மாடியில இருக்கார்."

கூடத்தில் ஒரு பெண்மணியின் படம். கன்னத்தில் குழி விழ, போட்டோ எடுப்பவரை வம்புக்கு இழுக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. படத்தின் முன்னால் பாதி எரிந்த சிவப்பு மெழுகுவத்தி. அத்தை பக்கத்தில் போய் மூச்சை இழுத்தார். என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். முதல் ஓட்டை.

"அம்மாவுக்கு ரோஜா வாசனைதான் பிடிக்கும்," என்றாள் மகள், யாரும் கேட்காமலே.

மாடி அறையில் கேப்டன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்து வரை. மேஜைமேல் எல்லாம் கோடு போட்ட மாதிரி வரிசையாக இருந்தது. கடிகாரம், பேனா, நங்கூர முத்திரை, ஒரு சிவப்பு அரக்குக் குச்சி.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்லை," என்றாள் அவள். "போடவும் மாட்டேன்."

"அப்போ எதுக்கு வந்தே? இவங்க யாரு?"

"நான் துப்பறிகிறவன். இவங்க என் மாமியார்."

"துப்பறிய மாமியாரைக் கூட்டிட்டு வருவாங்களா?"

"மாமியாருக்குத் தெரியாம மருமகன் எதைக் கண்டுபிடிச்சிட முடியும்?" என்றார் அத்தை. காட்டாத நாற்காலியில் தானே உட்கார்ந்தார். "நீங்களும் ஒரு மருமகனைத்தானே கண்காணிச்சுட்டு இருந்தீங்க?"

கேப்டனின் தாடை இறுகியது.

டப்பாவைத் திறந்து தாளை விரித்தேன். மேல் தொப்பியை எடுத்து அரக்குக் குச்சியின் பக்கத்தில் வைத்தேன். கவரின் முத்திரையைப் பெயர்த்து அதன் பக்கத்தில் வைத்தேன். மூன்றும் ஒரே சிவப்பு. மூன்றின் ஓரமும் ஒரே மாதிரி நொறுங்கியது.

"ஊர்ல கடிதத்துக்கு அரக்கு வெக்கிறவங்க இன்னும் எத்தனை பேர் இருக்காங்க, கேப்டன்?"

கேப்டன் அரக்குக் குச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"விருந்துக்கு முன்னாடியே புட்டியை நீங்க திறந்திருக்கீங்க. உள்ளே உங்க வைன் இல்லேன்னு அப்பவே தெரியும். திரும்ப மூடி அரக்கு வெச்சீங்க. எல்லாம் தெரிஞ்சுதான் இவங்களை வரவெச்சீங்க. தெரிஞ்சுதான் இருபது பேர் நடுவுல திருடின்னு சொன்னீங்க."

அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. கேப்டன் கடிகாரத்தை நேராக்கினார். அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

"அவ போன பத்தாம் நாள் திறந்தேன்," என்றார். "ஒரு மத்தியானம். எதிர்ல அவ நாற்காலி. ரெண்டு கிளாஸ் வெச்சேன். ஒரு வாய் குடிச்சேன். தித்திப்பு. சமையலறையில கேக்குக்கு ஊத்துவாங்களே, அந்த மலிவுச் சரக்கு." உள்ளங்கையை மேஜைமேல் வைத்தார். "என் வீட்ல குடிக்கிறவன் ஒருத்தன்தான். மருமகன். எல்லார் முன்னாடியும் ஊத்தினா அவன் முகம் மாறும்னு நினைச்சேன். மாறலை. அந்த மடையன் கோழி தின்னுட்டு இருந்தான். எனக்கு அப்போ பக்கத்துல இருந்தது..."

"நான்," என்றாள் அவள்.

"வார்த்தை வந்துடுச்சு. திருப்பிக்க முடியலை."

"வார்த்தை தானா வந்தது, சரி," என்றார் அத்தை. "இந்தக் கடிதமும் தானா வந்து முத்திரை குத்திக்கிச்சா?"

கேப்டன் எழுந்தார். "பிறகு என்ன செய்யணும்? எடுத்தவன் யாருன்னு தெரியாம நான் இருபது பேர்கிட்ட பொய் சொன்னேன்னு ஒத்துக்கணுமா? முதல்ல திருடனைக் கொண்டு வாங்க."

"திருடன் இல்லைப்பா."

கதவருகே மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் அந்த மெழுகுவத்தி.

"அம்மாதான் குடிச்சாங்க."

கேப்டன் திரும்பவில்லை. மகள் அவர் முதுகைப் பார்த்தே பேசினாள். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம்னு சொன்னாங்களே, அதுக்கு அடுத்த வாரம். நீங்க வாக்கிங் போயிருந்தீங்க. 'எடுடி அதை'ன்னாங்க. நான் வேண்டாம்னேன். 'உங்கப்பாவுக்கு நல்ல நாள் வரவே வராது. எனக்கு இன்னைக்கு நல்ல நாள். வயித்து வலி இல்லை, நீ வந்திருக்கே'ன்னாங்க. டீ டம்ளர்ல குடிச்சோம். ரெண்டு பேரும். மூணு சாயங்காலம், முழுப் புட்டியும். அப்புறம் அம்மாவே அந்தத் தித்திப்பை ஊத்தி, இந்த மெழுகை உருக்கி மூடினாங்க. 'அவர் திறக்கற அன்னைக்கு மூஞ்சியைப் பாரு, எனக்கும் சேத்துச் சிரி'ன்னாங்க. அதுவரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"சிரிச்சீங்களா?" என்றாள் கறுப்புக் கோட்டுக்காரி.

மகள் தலை குனிந்தாள். "உங்க மேல பழி விழுந்ததும் சொல்ல நினைச்சேன். அப்பாவைப் பாத்தா வாய் வரலை."

"உங்களுக்கு வாய் வரலை. அதுக்காக நான் மூணு வீட்டை இழந்தேன்."

கேப்டன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டார்.

"எப்படி இருந்ததாம்?"

"எது?"

"வைன். அவ என்ன சொன்னா?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்குன்னாங்க. பத்து வருஷம் முன்னாடி திறந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க," என்றாள் அவள். அது தொழில் தெரிந்தவளின் குரல். "அந்த மாதிரி வைன் பதினெட்டு, இருபது வருஷத்துல உச்சம். அப்புறம் இறங்கிடும்."

கேப்டன் மேஜைக்குத் திரும்பினார். ஒரு தாளை இழுத்தார். பேனாவைத் திறந்தார்.

"நான் எழுதித் தர்றேன். உன் மேல தப்பு இல்லைன்னு. முத்திரை வெச்சு."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"காகிதம் வேண்டாம். நீங்க என்னைக் காகிதத்துல திருடின்னு சொல்லலை. சத்தம் போட்டுச் சொன்னீங்க. அதே மேஜை. அதே இருபது பேர். அதே சத்தம்."

"முடியாது." கேப்டன் முகம் சிவந்தது. "என் மனைவி ஒளிச்சு வெச்சுக் குடிச்சான்னு ஊருக்குச் சொல்லச் சொல்றியா? செத்தவளை அசிங்கப்படுத்தவா?"

நான் பேச வேண்டிய இடம் அது இல்லை. பேசினேன்.

"அவங்க குடிச்சாங்க. நீங்க பூட்டி வெச்சீங்க. இதுல எது அசிங்கம், கேப்டன்?"

அவர் என்னைப் பார்த்தார். என் வயதைக் கணக்குப் போடுவது போல இருந்தது. நான் பார்வையை விலக்கவில்லை. கீழே கூடத்தில் கடிகாரம் ஐந்து அடித்தது.

அவள் கையெழுத்துப் போடாத தாளை எடுத்தாள். நான்காக மடித்தாள். ஆடிக்கொண்டிருந்த அவருடைய மேஜைக் காலுக்கு அடியில் குனிந்து செருகினாள். மேஜை நின்றது.

"சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வர்றேன்," என்றாள். "என்ன சமையல்னு மட்டும் சொல்லி அனுப்புங்க."

---

சனிக்கிழமை இருபது பேரும் வந்தார்கள். கேப்டன் கூப்பிட்டாரா, வேடிக்கை கூப்பிட்டதா, தெரியாது. மருமகன் இந்த முறையும் கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பரிமாறும் மேஜையில் அவள் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடையதில் ஆறு உடைந்திருந்தது. வரிசையில் ஆறு கிளாஸ் மட்டும் வேறு அச்சு. மெல்லிய காம்பு, விளிம்பில் ஒரு நீலக் கோடு. எனக்கு அந்தக் கோடு தெரியும். பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது.

"யார் பிரிச்சது?" என்றேன்.

"நான்தான்," என்றார் அத்தை. புடவைத் தலைப்பால் ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு பிளாட்பாரத்துலயே நிக்கறவங்களை எனக்குப் பிடிக்காது, மாப்ளே. என் பொண்ணாவே இருந்தாலும்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

கேப்டன் எழுந்தார். கிளாஸைத் தட்டி யாரையும் அழைக்கவில்லை. அவருக்கு அது தேவையில்லை.

"போன சனிக்கிழமை இந்த இடத்துல ஒரு பொய் சொன்னேன்." தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "இந்தப் பெண் எதையும் மாத்தலை. அது எனக்கு அப்பவே தெரியும். என் வைனை என் மனைவி குடிச்சா. என்னைக் கேக்காம, டீ டம்ளர்ல, மகளோட." நிறுத்தினார். "நல்லா இருந்ததாம்."

பிறகு மகள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய் பொத்த முடியாமல். அம்மாவுக்கும் சேர்த்துச் சிரிப்பது என்றால் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். மேஜை முழுக்கப் பரவியது. போட்டோ எடுத்த விருந்தாளி மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"இன்னைக்கும் எடுங்க சார்," என்றார். "கீழே என்ன எழுதணும்னு நான் சொல்றேன்."

கறுப்புக் கோட்டுக்காரி புட்டியைக் கொண்டு வந்தாள். சமையலறையில் கேக்குக்கு ஊற்றும் அதே மலிவுத் தித்திப்பு. தேர்ந்தெடுத்தது அவள்தான். லேபிளை எல்லோரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தாள். திறந்தாள். ஊற்றவில்லை. புட்டியைக் கேப்டனிடம் நீட்டினாள்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வாங்கிக்கொண்டார். அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். நேராக, கறுப்புக் கோட்டோடு. அவர் குனிந்து அவள் கிளாஸில் ஒரு விரல் ஊற்றினார். துளி சிந்தவில்லை.

அவள் கிளாஸைக் காம்பில் பிடித்தாள். சுழற்றினாள். மோந்தாள். ஒரு வாய் குடித்தாள். இருபது பேரும் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. வேண்டுமென்றேதான். எழுபது வயதுக் கப்பல்காரர் கையில் புட்டியோடு அவள் தலையசைப்புக்காக நின்றார்.

"சரியா இருக்கு," என்றாள். "எல்லாருக்கும் ஊத்துங்க."

அவர் ஊற்றிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது என் முன்னால் நீலக் கோடு போட்ட கிளாஸ் இருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

நகர்த்தவும் இல்லை. நீட்டினேன்.